தெற்கில் தாழ்ந்து ஒளிரும் அகத்தியர்

கேள்வி: பிப்ரவரி இரவுகளில் தெற்கே தாழ்வாக ஒளிரும் விண்மீன் எது? வட இந்தியாவில் அது எளிதில் தென்படாதது ஏன்?

பதில்: தமிழில் அகத்தியர் என வழங்கும் கனோபஸ் அது, இரவு வானின் விண்மீன்களுள் ஒளியில் சிரியஸுக்கு அடுத்தது. வான நடுவரைக்கு, அதாவது பூமியின் நிலநடுக்கோட்டை விண்ணில் நீட்டினால் அமையும் வட்டத்திற்கு, ஏறத்தாழ 53 பாகை தெற்கே அது இருப்பதால், சென்னையில் உச்சம் அடையும்போதும் தொடுவானுக்கு மேல் 24 பாகையே ஏறுகிறது. கன்னியாகுமரியில் 29 பாகை வரை உயரும் அதே மீன், டெல்லியில் 9 பாகையைக்கூட எட்டாமல் குளிர்காலப் பனிமூட்டத்திலும் புழுதியிலும் மங்கிவிடுகிறது. பிப்ரவரி நடுவில், இரவு 9 மணியளவில், சிரியஸைக் கண்டுகொண்டு அங்கிருந்து பார்வையை நேர் கீழே இறக்கினால், கட்டடங்கள் மறைக்காத தென்திசையில், தடித்த காற்றடுக்கைக் கடந்து வரும் ஒளி நிறம் மாறி மாறித் துடிப்பதையும் காணலாம். மொட்டைமாடியே அதற்குப் போதும்.