கண்ணில் படாத கொழுப்பு

குழந்தை ‘கொழுகொழு’வென்று இருக்கிறது என்பது நம் வழக்கில் பாராட்டு. பால்குடிப் பருவத்துக்கு அது பொருந்தும். பள்ளிப் பருவத்திலும் அப்பாராட்டுத் தொடர்கிறது. கைகால் மெலிந்த மாணவரைப் பற்றியோ எவரும் கவலை கொள்வதில்லை. இரு மதிப்பீடுகளும் பிழைபடலாம். கொழுப்பு எவ்வளவு என்பதோடு, எங்கே தங்கியுள்ளது என்பதும் இதயத்தின் நலனைத் தீர்மானிக்கிறது.

தோலுக்கடியில் சேரும் கொழுப்பைத் தொட்டு அறியலாம். கல்லீரலையும் குடலையும் சூழ்வதை அவ்வாறு அறிய இயலாது. இதயத்தின்மீதும் ஒரு கொழுப்புப் படலம் உண்டு. இயற்கையாக அமைந்த அது பகையன்று. இதயத்தசைக்கு எரிபொருளாகும் கொழுப்பு அமிலங்களை வழங்குகிறது. ஆனால் அப்படலத்துக்கும் தசைக்கும் நடுவே தடுப்புச்சவ்வு இல்லை. இரண்டும் ஒரே குருதி நுண்குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே படலம் தடிக்கும்போது அதிலிருந்து சுரக்கும் அழற்சிப் பொருள்கள் இதயத் தமனிகளை நேரே சென்றடையும். பருமனான சிறாரிடம் படலம் தடித்திருப்பதை எக்கோ சோதனை காட்டுகிறது. மாரடைப்பு நடுவயதில் வரினும், தமனியில் கொழுப்புப் படிதல் இளமையிலேயே தொடங்கிவிடுகிறது.

புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தம் ஒளிப்படத்தையே சான்றாக வெளியிட்டனர். இருவரின் உடல் நிறைக் குறியீட்டெண்ணும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடைப்பொறியை மட்டும் நம்பினால் இந்த வேறுபாடு புலப்படாது.

வீட்டிலேயே ஓர் அளவை உண்டு. உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை நறுக்கி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் தொடாவிடின் வயிற்றுக்கொழுப்பு மிகுந்திருக்கலாம். மருத்துவரை நாடுவது நன்று.

உண்டது எரிய ஓட வேண்டும். ஓட இடம் வேண்டும். வடசென்னையின் எர்ணாவூரை எண்ணிப் பாருங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோர மக்கள் பலர் இங்கு அடுக்குக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டனர். மணலில் ஓடி வளர்ந்தோரின் பிள்ளைகளுக்கு வாய்த்தவை மாடிப்படிகளும், துறைமுகம் நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் செல்லும் சாலைகளும். 5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அந்த 60 நிமிடத்தை எங்கே கழிப்பது என்பதற்கு மாநகராட்சியும் பள்ளியுமே விடை சொல்ல வேண்டும். மாணவரின் சோம்பல் என்று இதைச் சுருக்குவது நேர்மையன்று.

உணவின் நிலையும் இதுவே. கடலோரத்தில் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும் குழம்பில் இதயத்துக்கு நல்லவை. எண்ணெயில் பொரித்தால் அந்நன்மை குறையும். பள்ளிச் சிறாரின் உணவு குறித்து இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் விதிகளை வகுத்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்க அவ்விதிகள் இடந்தருவதில்லை. உங்கள் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டரை அளந்து, அதற்குள் விற்பனையாகும் பண்டங்களை ஒரு நாள் கணக்கெடுத்து வகுப்பில் படியுங்கள்.