அக்கினி வெயிலில் பூங்காவுக்கு எப்போது போகலாம்?

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மே 28 வரை நிற்கும். பள்ளி விடுமுறை. வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர்கள் வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வைகை அணைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். கூட்டிப்போங்கள், ஆனால் உச்சி வெயிலில் போய் இறங்காதீர்கள்.

செய்தியில் சொல்லும் வெப்பநிலை, நிழலில் காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்தது. வெட்டவெளியில் உடம்பு வாங்கும் சூடு அதைவிட அதிகம். மேலே வெயில், காலடியில் சிமெண்ட் கல் கக்கும் அனல். ஆகவே எத்தனை டிகிரி என்பதோடு, எங்கே உட்காரப் போகிறோம் என்பதையும் பாருங்கள். தகரக் கூரையைவிட வேப்பமரத்தடி நல்லது. தகரம் சூடேறி அனலைக் கீழே இறக்கும்; இலையோ நீரை ஆவியாக்கித் தானும் குளிர்ந்து நிற்கும். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

கூடலூர், கம்பம், போடியில் மேற்கே மலை நெருங்கி நிற்பதால் வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். லோயர் கேம்ப் பென்னிகுவிக் மணிமண்டபத்துக்கு ஐந்து மணிக்கே போகலாம். வைகை அணை மலையைவிட்டுத் தள்ளிக் கிழக்கே இருப்பதால் வெயில் தாமதமாகத்தான் மறையும். அங்கே ஐந்தரைக்கு மேல் போங்கள். பெரியவர்கள் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் நடையை முடித்துக்கொள்வது உத்தமம்.

இரும்புச் சறுக்கு மரத்தில் குழந்தையை ஏற்றுமுன் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்காத சூட்டைப் பிஞ்சுத் தோல் எப்படித் தாங்கும்? தண்ணீரோ நீர்மோரோ கையில் இருக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். யாராவது உடம்பு கொதிக்க, பேச்சுத் தடுமாறி நின்றால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். நினைவு தெளியாதவருக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள்.

கோடை மழைக்கும் இதுதான் காலம். இடி கேட்டதும் மரத்தடியை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கும்பக்கரை, சுருளி அருவிகளில் கீழே வெயில் அடித்தாலும், மலையில் பெய்த மழை திடீரென வெள்ளமாக இறங்கும். வனத்துறை தடுத்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்புங்கள்.

உங்கள் ஊர்ப் பூங்காவை விடியற்காலையிலேயே திறக்கவும், இரவு எட்டு வரை விளக்கு எரியவிடவும் நகராட்சியில் மனு கொடுங்கள். ஆளில்லாத பகலில் திறந்துவைத்து, ஆள் வரும் நேரத்தில் பூட்டும் பூங்காவால் யாருக்கும் பயனில்லை.

ஆனி பிறந்து மேற்குக் காற்று வலுத்தால் வெக்கை தணியும், புழுதி கிளம்பும். அதுவரை இந்த நேரக் கணக்கையே பிடியுங்கள்.