ஸ்பெக் ஷீட்டில் இல்லாத மூன்றாவது வரி



இந்த வார எபிசோட்டில் டுவல் ஸ்போர்ட் பைக்குகள் பற்றிக் கதைச்சோம். நம்பர் பிளேட், லைட், சிக்னல் எல்லாம் இருக்கும், ரோட்டில் சட்டப்படி ஓடலாம்; ஆனா உடம்பு டேர்ட் பைக்குடையது, ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுப் பாதையிலும் போகலாம். 1968இல் வந்த யமஹா டிடி-1தான் அமெரிக்காவில் இந்த வகையைப் பிரபலமாக்கியது.

எபிசோட் வெளியான பிறகு ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். எம்2 லைசன்ஸ் எடுத்துவிட்டார். இரண்டு கோடை வேலை செய்து சேர்த்த காசு கையில் இருக்கு. பார்த்து வைத்திருப்பது கேடிஎம் 500. "அண்ணா, பவரும் அதுதான் கூட, வெயிட்டும் அதுதான் குறைய. ரெண்டிலயும் அதுவே வெல்லுது. வேற என்ன பார்க்க இருக்கு?"

நல்ல கேள்வி. அவர் பார்த்த இரண்டு வரியும் சரிதான். மூன்றாவது ஒரு வரி இருக்கு, அதை ஸ்பெக் ஷீட்டில் போடமாட்டார்கள். அதற்கு வருவதற்கு முன் முதல் இரண்டையும் ஒழுங்காக வாசிப்போம்.

எடையை எழுதுவதில் இரண்டு முறை உண்டு. பெற்றோல் இல்லாமல், சிலவேளை எண்ணெய்கூட இல்லாமல் எழுதுவது ட்ரை வெயிட். எல்லாம் நிரப்பி ஓடத் தயாராக நிற்கிறபோது எழுதுவது வெட் வெயிட். கேடிஎம் தன் 500ஐ பெற்றோல் இல்லாமல் 110 கிலோ அளவில் காட்டும். ஹொண்டா சிஆர்எஃப்300எல்லுக்கு எழுதியிருக்கும் 142 கிலோ, டாங்க் நிரப்பிய கணக்கு. ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோ வரும். ஆகவே ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவாங்க. கொண்டுவந்தாலும் கேடிஎம்தான் இலேசு, அதில் சந்தேகமில்லை.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? ஓட்டும்போது அல்ல, விழுந்த பிறகு. காட்டுப் பாதையில் பைக் விழும். அது விபத்துக்கூட இல்லை. சேற்றில் மெதுவாகச் சரியும். பைக்கை நிமிர்த்தும்போது முழு எடையையும் தூக்குவதில்லை, ஒரு பக்கம் நிலத்தில்தான் இருக்கும். ஆனாலும் சுசுகி டிஆர்650இன் 166 கிலோவை முதல்தரம் நிமிர்த்துவது ஒன்று, வெயிலில் ஹெல்மெட்டோடு நாலாவது தரம் நிமிர்த்துவது வேறொன்று. 200 கிலோவைத் தாண்டும் கவசாகி கேஎல்ஆர்650ஐ, போன் சிக்னல் இல்லாத இடத்தில், தனியாக? நான் மாட்டேன். ஒரு சின்னப் பாடம்: சரிவில் விழுந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்க, பிறகு சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் வரும்படி பைக்கை இழுத்துத் திருப்புங்க, அதற்குப் பிறகு தூக்குங்க. பள்ளத்தில் நின்று மேலே தள்ளினால் முதுகுதான் போகும்.

சீற் உயரமும் எடையோடு சேர்ந்த விஷயம். 300எல்லின் சீற் 880 மில்லிமீற்றர். எங்கட ஆட்களில் பலருக்கு இரண்டு காலும் தட்டையாக நிலத்தில் படாது. பரவாயில்லை. இருந்தவுடன் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும், ஒரு கால் உறுதியாகப் பட்டால் போதும். ஆனால் அந்த ஒரு காலில் எத்தனை கிலோவைப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் எடை வரி சொல்கிறது.

அடுத்தது பவர். இதைப் பாதையோடு சேர்த்துத்தான் வாசிக்கணும். ஸ்காபரோவிலிருந்து கனராஸ்கா காட்டுக்குப் போறதெண்டா (பாஸ் எடுக்கணும், மறக்காதீங்க) ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் 401இல் ஓட வேண்டும். போர்டில் 100 எண்டு இருக்கும், சனம் 115, 120இல் போகும். 300எல்லுக்குக் கிட்டத்தட்ட 27 குதிரைவலு. அது 110இல் போகும், ஆனால் எஞ்சின் கத்திக்கொண்டு போகும். எதிர்க்காற்று அடித்தால், பக்கத்தில் லொறி வந்தால், முறுக்குவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்த மிச்சம்தான் ஹைவேயில் பாதுகாப்பு. டிஆர்650இன் 644 சிசி ஒற்றைச் சிலிண்டரில் அந்த மிச்சம் உண்டு. முன் ஸ்ப்ரொக்கெட்டில் ஒரு பல் மாற்றினால் கியரைக் காட்டுக்கோ ஹைவேக்கோ சாய்க்கலாம், செலவும் குறைவு. ஆனால் ஒரு பக்கம் கிடைத்தது மறுபக்கம் போகும்.

காட்டுக்குள்ளே போனால் கதை தலைகீழ். ஈரமான வேரிலும் கல்லிலும் 27 குதிரைவலுவையே முழுக்கப் பாவிக்க ஆரம்பக்காரருக்கு ஏலாது. அங்கே 50 இருந்தால், பின்சக்கரம் உங்களைக் கேட்காமலே முடிவெடுக்கும்.

இப்போது அந்த மூன்றாவது வரி. பைக்கின் ஓனர்ஸ் மெனுவலை நெட்டில் இலவசமாக எடுக்கலாம். பின்பக்கத்தில் மெயின்டனன்ஸ் அட்டவணை இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, அலகை. கிலோமீற்றரில் இருக்கா, மணித்தியாலத்தில் இருக்கா? மணித்தியாலத்தில் இருந்தால் அது ரேஸ் பரம்பரையில் வந்த எஞ்சின். கேடிஎம் 500 அப்படித்தான். எண்ணெய், ஃபில்டர், வால்வு இடைவெளி எல்லாம் பதினைஞ்சு, முப்பது மணித்தியாலக் கணக்கில் வரும். நம்ம தம்பியின் ஒரு சனிக்கிழமையைப் பாருங்க: போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், காட்டுக்குள்ளே மூன்று. மொத்தம் ஐந்து. மூன்று சனிக்கிழமையில் பதினைஞ்சு முடிஞ்சுது. அதில் ஆறு மணித்தியாலத்தை 401 சாப்பிட்டிருக்கு.

ஹொண்டாவுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். சிஆர்எஃப்450ஆர்எல் 131 கிலோ, 300எல்லைவிட இலேசு, பவரும் எவ்வளவோ கூட. ஆனால் எண்ணெய் மாற்றுவது 1,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. 300எல்லுக்கு ஏறத்தாழ 12,000, அல்லது வருஷத்துக்கு ஒருமுறை. மே தொடக்கம் ஒக்டோபர் வரை 5,000 கிலோமீற்றர் ஓடினால் ஒன்றுக்கு ஐந்து தரம், மற்றதற்கு ஒரு தரம். 2020 வரை வந்த யமஹா டபிள்யூஆர்250ஆருக்கு வால்வு பார்ப்பதே 42,000 கிலோமீற்றரில்! பலர் அந்தக் கணக்கு வர முதலே பைக்கை வித்துவிடுவார்கள்.

ஏன் இப்படி? கம்பனி சோம்பலில் செய்யிற வேலை இல்லை. இலேசாக்க வேண்டுமென்றால் பிஸ்டனை உயரம் குறைத்து, வளையம் குறைத்துச் செய்வார்கள். எண்ணெயும் கொஞ்சம்தான் பிடிக்கும். கொஞ்ச எண்ணெய் கெதியா சூடாகும், கெதியா அழுக்காகும். கம்ப்ரெஷனைக் கூட்டி, ஆர்பிஎம்மைக் கூட்டிப் பவர் எடுப்பார்கள். வால்வு வந்து உட்காருகிற இடம் தேயத் தேய இடைவெளி குறுகும். ஒருநாள் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரெஷன் போகும், ஸ்டார்ட் பண்ணக் கஷ்டமாகும், விட்டால் வால்வு எரியும். உங்க போன் பட்டரி மாதிரித்தான்: வேகமாக எடுத்தால் வேகமாகத் தேயும்.

இன்னொரு விஷயம், அந்த வேலையை யார் எங்கே செய்கிறது? டிஆர்650இல் வால்வு இடைவெளி ஸ்க்ரூவும் நட்டும். ஃபீலர் கேஜும் ஒரு ஸ்பானரும் இருந்தால் வீட்டு ட்ரைவ்வேயில் ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம். ஷிம் போட்ட எஞ்சின் என்றால் அளந்து, சரியான தடிப்பில் ஷிம் வாங்கி, பல எஞ்சின்களில் கேம் ஷாஃப்டையே கழற்றி மாற்ற வேண்டும். காண்டோவில் இருக்கிற ஆளுக்கு ட்ரைவ்வே இல்லை, அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் எண்ணெய் மாற்ற விடமாட்டார்கள். அப்போ ஒவ்வொரு தரமும் கடைதான், ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் லேபர்தான். தம்பி காண்டோவில்தான் இருக்கிறார்.

அதனால் நான் அவருக்கு எழுதியது: கேடிஎம் அருமையான பைக். ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டில் மட்டும் ஓடி, வந்து தானே எண்ணெய் மாற்றுகிற ஆளுக்கு. உமக்கு ட்ரெய்லரும் இல்லை, கராஜும் இல்லை. பாவித்த 300எல் ஒன்றோ, நல்ல டபிள்யூஆர்250ஆர் ஒன்றோ பாரும். மிச்சக் காசு இன்சூரன்ஸுக்கும் நல்ல பூட்ஸுக்கும். ஹைவேதான் கூட எண்டால் டிஆர்650. காபரேட்டர் எஞ்சின், பழசு, ஆனால் விளங்கக்கூடிய பழசு.

ஹிமாலயன் 450 பற்றியும் நாலைந்து பேர் கேட்டிருந்தீங்க. ரோயல் என்ஃபீல்ட் தொழிற்சாலைகள் சென்னையைச் சுற்றி இருப்பதால் எங்களுக்கு ஒரு பாசம், சரி. 196 கிலோ, 40 குதிரைவலு. கிரவல் ரோட்டில் நாள் முழுக்க ஓட நல்லது. கனராஸ்காவின் ஒடுக்கமான பாதையில் அந்த எடையோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

பாவித்த பைக் பார்க்கப் போகும்போது ஹவர் மீற்றர் இருந்தால் அதைப் படம் எடுங்க, எண்ணெய் மாற்றிய பில்லுகளைக் கேளுங்க. போக முதல் விற்கிறவரிடம் ஒன்று சொல்லி வையுங்க: நான் வரேக்க எஞ்சின் குளிராக இருக்கணும். போனதும் கையை வைத்துப் பாருங்க. சூடாக இருந்தால், ஏன் முதலே ஸ்டார்ட் பண்ணி வைத்தார் என்று கேளுங்க.