தூண்டில் சங்கத்துக்குச் சந்தா கட்டலாமா?

அம்பத்தூர்,
ஞாயிறு காலை.

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. சென்ற வாரம் பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தபோது போனில் ஒரு விண்ணப்பத்தைக் காட்டி, "அகில இந்திய அளவுல ஒரு தூண்டில் சங்கம் மாமா. சந்தா கட்டிச் சேரலாமா, வீண் செலவா?" என்று கேட்டாய். அதற்குள் அத்தை இலை போட்டுவிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் மாமா மூன்று நாள் யோசித்து, பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து இதை எழுதுகிறார்.

உறுப்பினர் அட்டை கையில் இருந்தால் எந்த ஏரியிலும் தூண்டில் போடலாம் என்று உன் வயதுப் பிள்ளைகள் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஏரியின் தண்ணீர் பெரும்பாலும் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதில் இருக்கும் மீன் தனிக் கணக்கு. மீன்பாசி குத்தகை என்று ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு, வளர்ந்ததும் வலை போட்டு எடுப்பார். சில இடங்களில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்த உரிமை இருக்கும். காசு போட்டுக் குஞ்சு விட்டவரிடம் எங்கோ அச்சடித்த அட்டையை நீட்டினால் அவர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? செம்பரம்பாக்கமும் புழலும் சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரிகள். அங்கே கெடுபிடி இன்னும் அதிகம்.

முப்பது வருடத்துக்கு முன்பு ஓர் ஏரிக்கரையில் குத்தகைக்காரரின் ஆள் மாமாவின் மூங்கில் கழியைப் பிடுங்கித் தூர எறிந்தார். அன்றைக்குக் கோபம் வந்தது. மறுவாரம் குத்தகைக்காரரையே நேரில் போய்ப் பார்த்து, ஜிலேபி மீனை மட்டும் எடுப்பதாகவும், கட்லா மாட்டினால் திரும்ப விட்டுவிடுவதாகவும் பேசிய பிறகு, அதே ஆள் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த அனுமதியை எந்த அகில இந்தியச் சங்கமும் வாங்கித் தந்திருக்காது.

இங்கிலாந்திலும் இதே நிலைதான். அங்கே தூண்டில் உரிமம் தருவது அரசின் சுற்றுச்சூழல் முகமை. 2009-ல் பல அமைப்புகள் ஒன்றுசேர்ந்து உருவான ஆங்லிங் டிரஸ்டில் சேர்ந்தாலும் அந்த உரிமத்தைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அப்படியானால் சந்தா எதற்கு? தனி ஆள் செய்ய முடியாததைச் சங்கம் செய்கிறதா என்பதைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

பெங்களூரில் 1972-ல் தொடங்கியது தென்னிந்திய வனவிலங்குச் சங்கம். சுருக்கமாக 'வாசி' என்பார்கள். தூண்டில்காரர்கள் நிறைந்த சங்கம். சிவசமுத்திரத்துக்குக் கீழே காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிக்கும் கூட்டம் அப்போது மகசீர் மீனைக் குஞ்சும் தாயுமாக அழித்துக்கொண்டிருந்தது. சங்கம் சம்பளத்துக்குக் காவலாளிகளை வைத்தது. திருட்டுத்தனமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் சிலரையே காவலுக்கும் வழிகாட்டி வேலைக்கும் எடுத்தார்கள். ஆற்றின் ஒவ்வொரு மடுவும் அவர்களுக்கு அத்துப்படி. பிடித்த மீனை எடை பார்த்துத் திரும்ப ஆற்றில் விடுவது அங்கே சட்டமாகவே இருந்தது. அங்கே கட்டிய சந்தா காவலாளியின் சம்பளமாக மாறியது. அதைக் கணக்காகவே காட்ட முடியும்.

மாமாவுக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அந்த ஆற்றங்கரையில் எழுதப்பட்ட நோட்டுப் புத்தகங்கள். காலிபோரே என்ற இடத்தில் இருந்த தூண்டில் முகாமில், யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், எத்தனை மீன் மாட்டியது, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை என்று எழுதிவைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் ஆகியோர் அடங்கிய ஆய்வாளர் குழு பின்னால் எடுத்துப் படித்தது. 6,000-க்கும் மேற்பட்ட மகசீர்களின் கணக்கு அதில் இருந்தது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆறு நன்றாக இருப்பது போலத் தெரியும். பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத் துடுப்பு மகசீர் பெருகிக்கொண்டிருந்தது. காவிரிக்கே சொந்தமான, முதுகு திமில் போல் உயர்ந்த மகசீர் அருகிக்கொண்டிருந்தது.

அந்தத் திமில் மகசீருக்கு அதுவரை உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. 1946-ல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு மீனைப் பிடித்துப் பேர் வாங்கினாரே, அதே இனம்தான். அத்தனை புகழ் பெற்ற மீன் பெயரில்லாமல் கிடந்தது. கேரளத்தில் பிறந்து நம் அமராவதியில் சேரும் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவி' என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று 2018-ல் நிறுவினார்கள். அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக அருகிவிட்ட இனமாக அது சேர்ந்தது. தூண்டில்காரர்கள் மாலையில் உட்கார்ந்து எழுதிய எடைக் கணக்கு இந்தப் பயணத்தில் ஒரு முக்கியப் படி.

அதே காவிரி முகாம்கள் 2012 வாக்கில் நின்றுபோயின. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிச் சொன்னார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. தூண்டில்காரர்கள் போன பிறகு ஆற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் குறைந்தது என்ற ஆய்வாளர்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. இந்த மாதிரி இடத்தில்தான் தேசிய அளவில் ஒரு குரல் தேவைப்படுகிறது. ஆல் இந்தியா கேம் ஃபிஷிங் அசோசியேஷன் போன்ற அமைப்புகள் பிடித்து விடும் முறையைப் பரப்புவதை மாமா மதிக்கிறார். அந்த வேலை நடக்க வேண்டும்.

ஆனால் நீ தூண்டில் போடுவது காவிரியில் அல்ல. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து மாதவரம் ரெட்டேரிக்கு. முன்னோர் மூன்றையும் கோத்து வைத்த அதே வழியில் இன்று சாக்கடையும் ஆலைக்கழிவும் இறங்குகின்றன. ஒரு கோடைமழை பெய்த மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குக் கரைக்கு வந்து பார். கரையோரம் ஜிலேபிகள் கூட்டமாக மேலே வந்து, வாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து மூடிக்கொண்டிருக்கும். புதிதாக வந்தவர்கள், மீன் நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். அது மூச்சுத் திணறல். மழைத்தண்ணீர் இழுத்துக்கொண்டு வந்த கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனையும் தின்றுவிடுகின்றன. இரவில் பாசியும் ஆக்ஸிஜன் தராது, எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில்தான் நிலைமை மிக மோசம். வெயில் ஏறினால் சில பிழைக்கும். இல்லையென்றால் வெள்ளை வயிறாக ஒதுங்கும். அந்தக் காலையில் மாமா தூண்டிலைப் பிரிக்கவே மாட்டார்.

இதற்குக் கொரட்டூர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்று கூடினார்கள். கழிவுநீர் எங்கே இறங்குகிறது என்று நடந்து நடந்து பார்த்தார்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு வழக்கைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தூண்டிலைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் உன் தூண்டிலுக்கு இந்தப் பக்கத்தில் அவர்கள் செய்ததைவிடப் பெரிய உதவியை யாரும் செய்ததாக மாமாவுக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டில் தூண்டில்காரர்களே இதைச் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1948-ல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர், ஆற்றைக் கெடுப்பவர்களைக் கோர்ட்டுக்கு இழுப்பதற்கென்றே தூண்டில்காரர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார். டெர்பி நகரத்துத் தூண்டில் சங்கம் ஒன்று, செயற்கை இழை ஆலை, சாக்கடையை ஆற்றில் விட்ட நகராட்சி, வெந்நீரை ஆற்றில் கொட்டிய மின் வாரியம் ஆகிய மூன்றின் மீதும் வழக்குப் போட்டது. 'ஊர் வளர்ந்துவிட்டது, எங்களால் என்ன செய்ய முடியும்' என்று நகராட்சி சொன்ன சமாதானம் எடுபடவில்லை. 1950-களின் தொடக்கத்தில் மேல்முறையீட்டிலும் தடையாணை நிலைத்தது. மீன் பிடிக்கப் போனவர்கள் கொடுத்த சந்தாப் பணம் ஓர் ஆற்றைக் காப்பாற்றப் போன கதை அது. அப்படி ஒரு சங்கம் இருந்தால் மாமாவே உன் சந்தாவையும் சேர்த்துக் கட்டுவார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் பழையது நீலகிரி வேட்டைச் சங்கம். 1877-ல் தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1879-ல், நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1907-ல் அவலாஞ்சியில் எச்.சி. வில்சன் டிரவுட் மீன்குஞ்சுப் பண்ணை அமைத்தார். வேலை நடந்தது, உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் கூடிய இடம். மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. ஆகவே ஒரு சங்கம் என்ன செய்கிறது என்பதோடு, யாரை உள்ளே விடுகிறது என்றும் பார். விலை உயர்ந்த ராடும் படகும் இருப்பவர்களை மட்டும் கூட்டி வருடம் ஒரு போட்டி நடத்திக் கோப்பை கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டால், நம் ஏரிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு கடிதம் எழுதிக் கேள். பதிவு பெற்ற சங்கமா? போன வருடத் தணிக்கைக் கணக்கைக் காட்டுவார்களா? பொதுக்குழு எப்போது கூடியது? கடைசியாக எந்த நீர்நிலைக்காக எந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள்? நேர்மையான சங்கம் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது. மாமாவின் இளவயதில் ஒரு சங்கம் அழகான அட்டையும் தொப்பியும் கொடுத்தது. மறு வருடம் அந்த முகவரியில் ஆளே இல்லை. தொப்பி மட்டும் பரணில் கிடக்கிறது.

மாமாவின் முடிவைக் கேட்டாயல்லவா? இந்த வருடம் கட்ட வேண்டாம். கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் வந்து, நீயும் மகசீர் ஆற்றுக்கோ கடல் மீன்பிடிப்புக்கோ போகத் தொடங்கினால் அடுத்த வருடம் தாராளமாகச் சேர். இப்போதைக்கு அந்தப் பணத்தில் ஒரு நல்ல கெட்டி அட்டை நோட்டும், தொங்கு தராசும், சின்ன குறடும் வாங்கு. குறடு எதற்கென்றால், தூண்டில் முள்ளின் எதிர்க்கூரை நசுக்கி மழுக்குவதற்கு. அப்படிச் செய்தால் மீனின் உதடு கிழியாமல் முள் கழன்று வரும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள். காய்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து, விட்ட பிறகு புண் பிடித்துச் சாகவும் கூடும். அறுந்த தங்கூஸ் நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டிப் பையில் வை. நீர்க்காகத்தின் காலில் அது சுற்றிக்கொண்டதை மாமா பார்த்திருக்கிறார்.

நோட்டில் தேதி, நேரம், ஏரி, தண்ணீரின் நிறம், மாட்டிய மீன், எடை எல்லாம் எழுது. மாட்டாத நாளையும் எழுது. டேங்க் கிளீனரும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எத்தனை வந்தன, விரால் எத்தனை நாளாக வரவில்லை என்று தனியாகக் குறி. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ். தாமஸ் 1887-ல் 'டேங்க் ஆங்கிளிங் இன் இந்தியா' என்று ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். அப்போது அவருக்கு எந்தத் தேசியச் சங்கமும் இல்லை. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகளுக்கு நோட்டில் எழுதிய ஒரு பத்து வருடக் கணக்கு உன் கையில் இருந்தால், நாளைக்குத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிறவர்கள் உன் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பார்கள்.

வருகிற ஞாயிறு விடியற்காலை வா. அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு. இரைக்கு மைதாவும் மஞ்சளும் பிசைந்து மாமா எடுத்து வைக்கிறார். நோட்டை மறக்காதே.

அன்புடன்,
மாமா