ஒற்றைக்கொம்பன் உணர்த்தும் பாடம்

கலஹாவில் மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் யாம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று: “ஏட்டிலுள்ளது யாவும் மெய்யோ?” அதற்கு விடையாக ஒற்றைக்கொம்பன் வரலாற்றைக் கூறுவோம்.

கி.மு. 400 அளவிற் கிரேக்க மருத்துவர் தெசியாஸ், இந்தியாவில் ஒற்றைக்கொம்புடைய காட்டுக் கழுதை உண்டென்றும், அக்கொம்பிற் பருகுவோரை நஞ்சு வருத்தாதென்றும் எழுதினார். அவர் கேள்வியுற்றது காண்டாமிருகமாகலாம் என்பர் அறிஞர். ஐரோப்பிய மன்னரோ அச்செய்தியை நம்பிப் பெரும்பொருள் கொடுத்துக் கொம்புகள் வாங்கினர். 1638இல் டென்மார்க் மருத்துவர் ஓலே வோர்ம், அவை நார்வால் என்னுந் திமிங்கிலத்தின் பற்களே எனக் காட்டினார்.

மருந்து பொய்த்தது, சின்னமோ நிலைத்தது. ஸ்கொத்லாந்தின் சின்னமாயிருந்த அவ்விலங்கு 1603இல் ஆங்கில அரச இலச்சினையிற் சேர்ந்து, 1815இல் கண்டி வீழ்ந்தபின் ஆள்வோர் அடையாளமாக நம் மலைநாட்டிற்கும் வந்தது.

மாணவர்காள்! கீழ்த்திசைபற்றிய கேள்வியொன்று ஆட்சிச் சின்னமாய்த் திரும்பியதைக் காண்மின். ஏட்டை மதிப்போம், ஆயினும் ஆராய்ந்தே தெளிவோம்.