தோளில் எங்கே சிக்கல்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. இன்னும் பேட்மிண்டன் ஆடுகிறார். வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதியில் சுரீர் என்கிறது. முழுக்கத் தூக்கிவிட்டால் வலியில்லை. மூட்டுத் தேய்மானமா?
– வாசகி, ஷா ஆலம்

பதில்: தோள்வலி என்றாலே தேய்மானம் என்பது நம்மவர் வழக்கம். உங்கள் அப்பாவுக்கு அதைவிடத் தசைநாண் சிக்கலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் உட்கார்ந்திருக்கிறது. கை இவ்வளவு சுழல்வது அதனால்தான். எளிதில் நழுவுவதும் அதனால்தான். நழுவாமல் பிடித்துக்கொள்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள். அவற்றில் மேலே உள்ளதன் நாண், தோள்முனை எலும்புக்கு அடியில் குறுகலான இடைவெளியில் செல்கிறது. கை ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரிவரை உயரும்போது அந்த நாண் அங்கே நசுங்கும். உங்கள் அப்பாவின் 'பாதி' இதுதான். ஒவ்வொரு ஸ்மாஷும் அதே இடத்தைத்தான் உரசுகிறது. (பத்துமலையில் 272 படி காவடி சுமந்தவரின் வலி வேறு, அது பெரும்பாலும் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசையில்.)

இன்னொன்றையும் பாருங்கள். அப்பாவின் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை நீங்கள் வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். நீங்கள் திருப்பியும் நகரவில்லையென்றால் அது உறைதோளாக இருக்கலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

இப்போதைக்கு ஸ்மாஷ் வேண்டாம். டாக்டரிடம் காட்டி, பிசியோதெரபி தொடங்கட்டும். விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாமல் போனால் மட்டும், அன்றைக்கே மருத்துவமனை.