குஞ்சு பொரித்த வீட்டாருக்கு ஒன்பது அறிவுரைகள்

பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் புதிதாகக் கோழி வளர்க்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். 2022 நெருக்கடியில் தீவனம் கிடைக்காமல் பண்ணைகள் தடுமாறின. அடுத்த வருஷம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தார்கள். லயத்து வாசலில் கிளறித் தின்னும் நாட்டுக்கோழி அந்தத் தீவன மூட்டையை நம்பி வாழ்வதில்லை. மின்சாரமும் பொரிப்புப் பெட்டியும் இல்லாமலே அது தன் குஞ்சுகளை ஆளாக்கிவிடும். அதன் வேலையை அதனிடமே விடுங்கள். அதனால் முடியாதவை சில உண்டு, அவற்றை நீங்கள் செய்யுங்கள்.

1. காலம் பார்த்து அடை வையுங்கள். ஊவாவில் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை ஓயாது. அந்த ஈரக் குளிரில் தாயின் சிறகை விட்டு விலகிய குஞ்சு சீக்கிரம் விறைத்துவிடும். முட்டை பொரிக்க 21 நாள். தை கழிந்து வைத்தால் வெயில் திரும்பும் நேரத்தில் குஞ்சு கிடைக்கும். பங்குனி, சித்திரையில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை வரும். அந்த நேரத்தில் தாயும் குஞ்சும் கூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

2. எல்லா முட்டையையும் ஒரே நாளில் வையுங்கள். சிறிய நாட்டுக்கோழிக்குப் பத்து முட்டை போதும். ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் ஒரு கோடு போடுங்கள். லயத்தில் அடுத்த வீட்டுக் கோழியும் அதே கூட்டில் வந்து முட்டையிடும். கோடில்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால், முந்திப் பொரித்த குஞ்சுகளோடு தாய் எழுந்து போகும்போது பிந்திய முட்டை குளிர்ந்து வீணாகும்.

3. பொரிக்கும் நாளில் கைவைக்காதீர்கள். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு குஞ்சு வெளிவர ஒரு பகல், ஓர் இரவுகூட ஆகலாம். அந்த நேரத்தில் அது மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். ஓட்டின் உள்தோலில் இரத்த நாளங்கள் இன்னும் வற்றியிருக்காது. பரிதாபப்பட்டு உரித்தால் இரத்தம் கசிந்து செத்துப்போகும்.

4. தீனிக்கு அவசரப்படாதீர்கள். உள்ளே போன மஞ்சள் கரு ஒரு நாளைக்கு மேல் தாங்கும். பிறகு பொடித்த அரிசிக் குருணை, குரக்கன், கிடைத்தால் குஞ்சுத் தீவனம் கொடுங்கள். கறையான் புற்றிலிருந்து ஒரு கட்டியை உடைத்துப் போட்டால் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் கிடைக்கும். முட்டைக்கோழித் தீவனம் மட்டும் வேண்டாம்; அதிலுள்ள அதிகச் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயும் அடையில் மெலிந்திருக்கும், அதற்கும் வயிறார வையுங்கள்.

5. தண்ணீரைத் தட்டையான பாத்திரத்தில் வைத்து, உள்ளே கூழாங்கற்களைப் போடுங்கள். குஞ்சு ஒரு விரல் ஆழத் தண்ணீரிலும் மூழ்கிவிடும். காலையில் பெரட்டுக்குப் போகுமுன்னும், மலையிலிருந்து வந்தவுடனும் தண்ணீரை மாற்றுங்கள்.

6. கூட்டின் தரை காய்ந்திருக்கட்டும். எல்லாவற்றிலும் இதைத்தான் அழுத்திச் சொல்வேன். ஈரமான எச்சத்தில் இரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு குறுகி நிற்கும், எச்சத்தில் இரத்தம் தெரியும். உமியோ மரத்தூளோ பரப்பி, நனைந்த பகுதியை அன்றே அள்ளிவிடுங்கள். கூட்டைத் தரையிலிருந்து சற்று உயர்த்துங்கள். கூரை ஒழுகக் கூடாது, குளிர்காற்று நேரே அடிக்கக் கூடாது. ஆனால் சாக்குப் போட்டு முழுதாக மூடிவிடவும் வேண்டாம். பக்கத்தில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து குவித்து வைத்தால் தாய் அதில் புரண்டு பேனை உதறும். தாயின் உடம்பில் பேன் இருந்தால் குஞ்சுக்கும் ஏறும்.

7. முதல் இரண்டு வாரம் காவல் வேண்டும். காகம், பருந்து, கீரி, பூனை எல்லாமே குஞ்சைத் தூக்கும். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகும் பகலில், வலையடித்த கூட்டுக்குள் தாயையும் குஞ்சுகளையும் விடுங்கள். களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ அடித்த தேயிலை மலைப் பக்கம் போக விடாதீர்கள்.

8. ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுங்கள். கழுத்து முறுகி, பச்சையாகக் கழிந்து, ஒரு லயத்துக் கோழிகள் எல்லாம் சில நாளில் மடிவது இதனால்தான். வந்தபின் மருந்து இல்லை. பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் எந்த வயதில், எத்தனை முறை என்று கேளுங்கள். மருந்தைக் குளிர் விடாமல் கொண்டுவர வேண்டும், சூடுபட்டால் பலனில்லை. ஒரு வீடு மட்டும் போட்டால் போதாது, லயம் முழுவதும் சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். செத்த கோழியை ஓடையில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள்.

9. பிரிப்பதைத் தாயே முடிவு செய்யட்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருக்கும். தாய் கொத்தி விலக்கத் தொடங்கும். முட்டை சீக்கிரம் வேண்டுமென்று அதற்கு முன்னே பிரிக்காதீர்கள். ஒழுங்காக அடைகாத்து, குஞ்சைக் கூட்டிச் சென்று மேய்த்த கோழியை நல்ல விலை வந்தாலும் விற்காதீர்கள். அடைக்கு உட்காரும் குணத்தைப் பண்ணை இனங்களிலிருந்து ஏறக்குறைய நீக்கிவிட்டார்கள். அந்தக் குணம் இன்றும் நிலைப்பது நாட்டுக்கோழியிடம்தான். ஆகவே அதன் பெட்டைக் குஞ்சுகளில் இரண்டையாவது அடுத்த அடைக்கென்று ஒதுக்கி வளர்த்துவிடுங்கள்.